சார்ஜ் எதில் அதிகம் நிற்கும்: டேப்லெட்டா, மெல்லிய மடிக்கணினியா? கேள்வி பதில்

மடிக்கணினி, டேப்லெட் பழுதுபார்க்கும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். பேட்டரி தொடர்பாக வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறேன். எந்த மாடல் வாங்கலாம், எங்கே விலை குறைவு என்ற கேள்விகளை விற்பனைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது என் துறை இல்லை.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): அண்ணா, நான் பார்த்த டேப்லெட்டில் 8,400 எம்.ஏ.எச். பேட்டரி என்று போட்டிருக்கிறது. அண்ணன் வைத்திருக்கும் மடிக்கணினியில் 3,400 எம்.ஏ.எச். தான். அப்படியானால் டேப்லெட் இரண்டரை மடங்கு நேரம் நிற்க வேண்டும் அல்லவா?

பதில்: தம்பி, இன்றைக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறந்தவை என்பதால் இதற்கு மட்டும் விரிவாகவே எழுதுகிறேன். எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-மணி) என்பது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய கணக்கு. பேட்டரிக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அதை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து வாட்-மணியாக மாற்ற வேண்டும். டேப்லெட்டுக்குள் இருக்கும் செல்களை இணையாக, அதாவது பக்கவாட்டில் சேர்த்துக் கட்டுவதுதான் பெரும்பாலான வழக்கம். அதனால் மொத்த மின்னழுத்தம் ஒரு செல்லுக்குரிய 3.85 வோல்ட்டிலேயே நிற்கும். மெல்லிய மடிக்கணினியின் அடித்தகட்டைக் கழற்றினால், கறுப்புப் பட்டை சுற்றிய தட்டையான செல்கள் வரிசையாகப் படுத்திருப்பதைப் பார்க்கலாம். அவற்றைத் தொடராகக் கோத்திருப்பார்கள். நான்கு செல்லைத் தொடராகக் கோத்தால் 15.4 வோல்ட் கிடைக்கும். இப்போது நீங்களே பெருக்கிப் பாருங்கள். டேப்லெட்டில் 8,400-ஐ 3.85-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட்-மணி; மடிக்கணினியில் 3,400-ஐ 15.4-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 52 வாட்-மணி. எண் சிறியதாகத் தெரிந்த மடிக்கணினியில்தான் சரக்கு அதிகம். பெட்டியில் பெரிய எழுத்தில் எதைப் போட்டிருந்தாலும், பேட்டரி மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் வாட்-மணி எவ்வளவு என்று பாருங்கள்.

கேள்வி (ஆசிரியை, மதுரை): ஐயா, மடிக்கணினியின் பேட்டரி பெரியது என்றால், டேப்லெட் எப்படி அதற்கு ஈடாக நாள் முழுவதும் நிற்கிறது?

பதில்: நல்ல கேள்வி, அம்மா. தொட்டியின் அளவு பாதிக் கணக்குதான். குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்பது மீதிப் பாதி. பத்தாம் தலைமுறை ஐபேடின் பேட்டரி 28.6 வாட்-மணி. ஆப்பிள் சொல்வது 10 மணி நேரம். வகுத்தால், மூன்று வாட்டுக்கும் குறைவான செலவு. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் 49.9 வாட்-மணி, வை-ஃபையில் இணையம் பார்த்தால் 15 மணி நேரம் என்கிறார்கள். வகுத்தால் 3.3 வாட். இரண்டுக்கும் இடையே அரை வாட் கூட வேறுபாடு இல்லை. அதே 2020-இன் தொடக்கத்தில், அதே 49.9 வாட்-மணி பேட்டரியோடு, இன்டெல் சில்லு பொருத்திய மேக்புக் ஏரும் வந்தது. அதற்கு நிறுவனம் சொன்னது 11 மணி நேரம். பேட்டரி மாறவில்லை, சில்லு மாறியது, நான்கு மணி நேரம் கூடியது. டேப்லெட் என்றால் சிக்கனம், மடிக்கணினி என்றால் ஊதாரி என்ற பழைய பேச்சு அந்த ஆண்டோடு வலுவிழந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010-இல் வந்த முதல் ஐபேடில் 25 வாட்-மணி. 10 மணி நேரம் என்றார்கள். 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 42.5 வாட்-மணி, அதற்கும் 10 மணி நேரம்தான். கூடுதலாகச் சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதியை 2048-க்கு 1536 புள்ளி கொண்ட புதிய திரையே குடித்துவிட்டது. 2024-இல் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோவில் ஏறத்தாழ 39 வாட்-மணி இருந்தும் சொல்லும் கணக்கு அதே பத்துதான். பத்து மணி நேரம் போதும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, மிச்சத்தைத் திரைக்கும் மெலிவுக்கும் செலவழிக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: நிறுவனம் 18 மணி என்கிறது, எனக்கு 9 கூட வரவில்லை. ஏமாற்றா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சோதனை நிலைமை வேறு. திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து, ஒரே காணொளியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு எடுத்த எண் அது. காணொளியைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே சில்லில் தனிப் பகுதி இருப்பதால் அந்த வேலை மிக மலிவாக முடிந்துவிடும். நீங்கள் சன்னலோரம் அமர்ந்து, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, இருபது தாவல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, நடுவில் காணொளிக் கூட்டத்திலும் பேசினால் பாதி கிடைப்பதே பெரிது. சிறு எழுத்தில் 'இணைய உலாவல்' என்று தனியாக ஓர் எண் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10,000 எம்.ஏ.எச். டேப்லெட்டும் 5,000 எம்.ஏ.எச். மடிக்கணினியும்…

பதில்: முதல் பதில்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): இரவு 90 சதவீதத்தில் மூடி வைத்த மடிக்கணினி காலையில் 70-இல் இருக்கிறது. டேப்லெட் ஒன்றிரண்டு சதவீதம்தான் இறங்குகிறது. என் பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கும். டேப்லெட்டுக்கும் மடிக்கணினிக்கும் உள்ள உண்மையான வேறுபாட்டை நீங்கள்தான் தொட்டிருக்கிறீர்கள். கையில் வைத்து வேலை செய்யும் நேரத்தில் இரண்டும் இன்று ஏறக்குறைய சமம். பையில் கிடக்கும் நேரத்தில்தான் டேப்லெட் வெல்கிறது. முன்பெல்லாம் விண்டோஸ் மடிக்கணினியை மூடினால் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற எல்லாம் அணைந்துவிடும். இப்போதுள்ளவற்றில் பெரும்பாலும் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறை; கைப்பேசி போலவே தூக்கத்திலும் அவ்வப்போது விழித்து மின்னஞ்சலையும் புதுப்பிப்பையும் பார்க்கும். கைப்பேசிச் சில்லுக்கு அந்த வேலை பிறவிப் பழக்கம். மடிக்கணினியிலோ, ஏதாவது ஒரு டிரைவர் (உறுப்பை இயக்கும் சிறு மென்பொருள்) சரியாகத் தூங்காவிட்டாலும் முழு இயந்திரமும் அரைத்தூக்கத்தில் கிடக்கும். மணிக்கு ஒரு வாட்-மணி கசிந்தால் போதும், பத்து மணி நேரத்தில் 50 வாட்-மணி பேட்டரியில் இருபது சதவீதம் போய்விடும். உங்கள் கணக்கும் அதுவே.

தீர்வு எளிது. மூடியை மூடினால் 'ஹைபர்னேட்' ஆகும்படி அமைப்பில் மாற்றிவிடுங்கள். நினைவகத்தில் உள்ளதைச் சேமிப்பகத்தில் எழுதிவிட்டு இயந்திரம் முற்றாக அணைந்துவிடும். திறக்கும்போது சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். இதை நான் வற்புறுத்துவதற்குச் சார்ஜ் மட்டும் காரணமில்லை. அரைத்தூக்கத்தில் உள்ள மடிக்கணினியைப் பைக்குள் திணித்து, அந்தப் பையை மே மாத வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறவர்கள் பேட்டரியை அவித்தெடுக்கிறார்கள். லித்தியம் பேட்டரிக்கு முதல் பகை வெப்பம்.

கேள்வி: புதிதாக வாங்கினால் முதலில் 8 மணி நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டுமாமே? ஒவ்வொரு முறையும் பூச்சியம் வரை இறக்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம், வேண்டாம். அவை நிக்கல் பேட்டரிக் காலத்து அறிவுரைகள். லித்தியம்-அயன் 1991-லேயே சந்தைக்கு வந்துவிட்டது. சதவீத எண் தாறுமாறாகக் குதித்தால் மட்டும், அளவியைச் சரிசெய்வதற்காக ஒரு முறை முழுதாக இறக்கி ஏற்றலாம்.

கேள்வி (கணக்குத் தணிக்கையாளர், கோவை): எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று ஆண்டில் இருபது சதவீதம் தேயும் என்று அஞ்சி, முதல் நாளே இருபது சதவீதத்தை நானாக விட்டுக்கொடுப்பதா? வரவு செலவுப் புத்தகத்தில் இது எந்தத் தலைப்பில் வரும், ஐயா?

பதில்: நியாயமான அடி. ஆனால் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. மேசையிலேயே சார்ஜரில் கிடக்கும் மடிக்கணினியில் அந்த மேல் இருபது சதவீதத்தை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை. ஆகவே விட்டுக்கொடுப்பதும் எதுவுமில்லை. முழுச் சார்ஜில் செல்லின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கும், பக்கத்திலேயே சில்லின் வெப்பமும் இருக்கும். உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து மாதக்கணக்கில் நீடிக்கும்போதுதான் செல் வேகமாக முதுமையடைகிறது.

தணிக்கையாளர் மீண்டும்: என்னுடையது மேசையில் கிடப்பதில்லை. வாடிக்கையாளர் அலுவலகங்களில் காலை முதல் மாலை வரை பேட்டரியில்தான் ஓடுகிறது. மாலை நான்கு மணிக்கு அணைந்துபோகும் மடிக்கணினியை, 'ஐந்தாம் ஆண்டில் நன்றாக இருக்கும்' என்று சொல்லி எப்படித் தேற்றிக்கொள்வது?

பதில்: உங்களுக்கு நூறு வரை ஏற்றுவதுதான் சரி; ஒப்புக்கொள்கிறேன். மேக்புக் பேட்டரிகளை ஆயிரம் சுழற்சிக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும் கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். சுழற்சி என்றால், செலவான சதவீதங்களைக் கூட்டி நூறு ஆகும்போது ஒன்று. செருகும் எண்ணிக்கை இல்லை. நாளுக்கு ஒரு சுழற்சி என்றாலும் இரண்டே முக்கால் ஆண்டு.

இடையே ஒருவர் (சேலம்): அப்படியானால் எண்பது சதவீத அறிவுரை தவறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இத்தனை நாள் வீணாகக் கட்டுப்படுத்தி வைத்திருந்தேன்.

பதில்: நான் சொல்லாததை என் வாயில் போட வேண்டாம். வெளியே எடுத்துச் செல்லாத பொருளுக்கு எண்பது. நாள் முழுதும் அலையும் பொருளுக்கு நூறு. உங்களுடையது எது?

சேலம்: வீட்டு மேசையில்தான் இருக்கிறது.

பதில்: பிறகென்ன? எண்பதிலேயே வையுங்கள்.

தணிக்கையாளர்: தேய்மானம் எவ்வளவு என்று அளந்து பார்க்க வழி உண்டா, அல்லது இதுவும் நம்பிக்கைதானா?

பதில்: உண்டு. விண்டோஸில் கட்டளைச் சாளரம் வழியாகப் பேட்டரி அறிக்கை எடுக்கலாம். அதில் பிறந்தபோது இருந்த கொள்ளளவு ஒரு வரியிலும், இன்று முழுச் சார்ஜில் நிற்கும் அளவு அடுத்த வரியிலும் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். உங்கள் தொழிலுக்கு இது ஒரு நிமிட வேலை.

தணிக்கையாளர்: எடுத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு ஆண்டில் 91 சதவீதம். நூறு வரை ஏற்றியேதான்.

பதில்: குளிர்சாதன அறைகளில் வேலை செய்கிறீர்கள் என்று தெரிகிறது. அந்த 91-இல் உங்கள் வாடிக்கையாளர்களின் மின்கட்டணத்துக்கும் பங்கு உண்டு.

கேள்வி: மடிக்கணினியின் டச்பேட் கொஞ்ச நாளாக அழுந்த மறுக்கிறது, மேலே தூக்கிக்கொண்டும் இருக்கிறது. திருகைத் தளர்த்தினால் சரியாகுமா?

பதில்: திருகைத் தொடாதீர்கள். அடியிலுள்ள பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு மிகுதி. உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, தீப்பற்றாத தரையில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அழுத்தவோ, துளைத்துக் காற்று எடுக்கவோ கூடாது. உள்ளே இருப்பது எரியும் வாயு.

கேள்வி (யாழ்ப்பாணம்): 2022-இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறக்க முடியவில்லை. மீண்டும் அப்படி வந்தால், 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கோடு எதை வைத்திருப்பது புத்திசாலித்தனம்?

பதில்: இந்த ஒரு சூழலில் டேப்லெட்தான் என்று தயங்காமல் சொல்வேன். பவர் பேங்க்கின் எம்.ஏ.எச். 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது, 74 வாட்-மணி. மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்பும்போது ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். ஐந்தில் நான்கு பங்கு வந்து சேர்ந்தாலும் ஏறத்தாழ 59 வாட்-மணி. 28 வாட்-மணி டேப்லெட்டை அது இரண்டு முறை நிரப்பும். 50 வாட்-மணி மடிக்கணினியை ஒரு முறைதான். மேலும் 10, 18 வாட் கொடுக்கும் பவர் பேங்க்கில் டேப்லெட் முனகாமல் ஏறும். பல மடிக்கணினிகள் அதைச் சார்ஜர் என்றே ஏற்பதில்லை. 30 வாட்டுக்குக் குறையாத, பவர் டெலிவரி (யு.எஸ்.பி.-சி வழியாக அதிக வாட் அனுப்பும் முறை) உள்ள ஒன்று வேண்டும். விமானத்தில் கொண்டுபோவதானால் 100 வாட்-மணிக்குள் இருக்கட்டும், கைப்பையில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: திரையில் கறுப்புப் பின்னணி வைத்தால் சார்ஜ் மிஞ்சுமா?

பதில்: ஓலெட் திரையானால் மிஞ்சும், அதில் கறுப்புப் புள்ளி ஒளிர்வதே இல்லை. எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டிருக்கும், பயன் இல்லை.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள் ஐயா, டேப்லெட்டா, மடிக்கணினியா, எதில் அதிகம் நிற்கும்?

பதில்: ஆசிரியைக்கும் சென்னைக்காரருக்கும் எழுதியதைப் படியுங்கள். சுருக்கமாகச் சொல்ல முடிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

கேள்வி: 12,000 எம்.ஏ.எச். டேப்லெட் ஒன்று பார்த்தேன், மடிக்கணினியில் அவ்வளவு வருமா?

பதில்: 3.85-ஆல் பெருக்குங்கள், தம்பி. பெருக்கி, ஆயிரத்தால் வகுங்கள்.