ஆபிரகாமும் அப்படித்தான் நினைத்தார்

கேள்வி: வேதாகமத்தை அறியாதவர்களுக்கு நன்மை தீமை எப்படித் தெரியும்? கடவுளை நம்பாதவர்களின் நேர்மை வெறும் வேஷம் என்கிறேன், நண்பர் மறுக்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: நண்பர் சொல்வதுதான்.

கேரார் என்ற அந்நிய ஊருக்குப் போன ஆபிரகாமுக்கும் உங்கள் எண்ணமே இருந்தது. இங்கே தெய்வபயம் இருக்காது, மனைவிக்காகத் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, சாராளைச் சகோதரி என்று சொல்லிவைத்தார். அதை நம்பி அவளை அழைத்துக்கொண்ட ராஜா அபிமெலேக்கைக் கடவுள் கனவில் எச்சரித்தார். ஆதியாகமம் 20-ஐ எடுத்து அவன் பதிலை வாசியுங்கள். 'அடுத்தவன் மனைவியை எடுத்தால் என்ன தவறு?' என்று அவன் கேட்கவில்லை. தெரியாமல் நடந்தது என்று மன்றாடினான். விடிந்ததும், 'செய்யத்தகாததைச் செய்தாயே' என்று விசுவாசிகளின் தகப்பன் எனப்படும் ஆபிரகாமையே நிற்கவைத்துக் கேட்டான். பத்துக் கட்டளைகள் அப்போது இன்னும் கொடுக்கப்படவே இல்லை!

ஆமோஸ் 2:1-ஐயும் பாருங்கள். ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளைச் சுண்ணாம்பாகச் சுட்டதற்காக மோவாப் நாட்டுக்குத் தண்டனை. இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட மோசேயின் சட்டம் இந்த இரு நாட்டாருக்கும் கிடையாது. தெரிந்துகொள்ளவே வழியில்லாத குற்றத்துக்கு நீதியுள்ள கடவுள் தண்டிப்பாரா? நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) இல்லாத புறஜாதியாரின், அதாவது யூதரல்லாதவர்களின், இருதயத்தில் அதற்கேற்ற கிரியை எழுதப்பட்டிருக்கிறது, அவர்கள் மனசாட்சியே சாட்சி என்று பவுல் எழுதியதும் (ரோமர் 2:14-15) இதைத்தான். வேதத்துக்காக வாதாடுவதாக நினைத்து வேதத்தோடேயே மோதிக்கொண்டிருக்கிறீர்கள்.

'அப்படியானால் வேதம் எதற்கு?' என்று அடுத்து கேட்பீர்கள். மனசாட்சி மழுங்கும்; அதற்காகத்தான். நன்மையை நாடு, தீமையை விலக்கு என்ற அடிப்படை மனித மனத்திலிருந்து அழியாது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் முடிவுகள் கெட்ட பழக்கத்தால் அழிந்துபோகலாம் என்றார் 13-ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ். கொள்ளையைக் குற்றமாகவே கருதாத பழைய ஜெர்மானியரை அவர் உதாரணம் காட்டினார்.

ஜெர்மானியரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டாம். 1550-இல் ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில், அமெரிக்கப் பூர்வகுடிகள் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டிலைத் துணைக்கு இழுத்து வாதாடிய செபுல்வேதா, வேதம் தெரிந்த கிறிஸ்தவர். பூர்வகுடிகளுக்காக அவரை எதிர்த்து நின்ற பாதிரியார் லாஸ் காசாஸின் கையில் இருந்ததும் அதே வேதம். அது கையில் இருப்பதாலேயே மனசாட்சி கூர்மையாகிவிடும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

நேர்மையால் மட்டும் ஒருவர் இரட்சிக்கப்படுவாரா என்பது வேறு விஷயம். நீங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டால், அந்தப் பதில் நண்பருக்குப் பிடிக்காமல் போகலாம்.