சென்னையிலிருந்து பலாலிக்கு எவ்வளவு நேரம்?

கேள்வி: அம்மா சுன்னாகத்தில் பிறந்தவர். இந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போக ஆசை. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் விமான தூரம் 355 கி.மீ.தான் என்கிறார்கள். அதற்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்? கொழும்பு வழியாகப் போனால் பெரிய விமானம், அம்மாவின் முழங்கால் வலிக்கு வசதி என்கிறார் என் கணவர். சரியா?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: கொழும்பு வேண்டாம் சகோதரி. யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கே நேராகப் போங்கள்.

தூரக் கணக்கு சரிதான். மீனம்பாக்கத்துக்குக் கிட்டத்தட்ட நேர் தெற்கே இருக்கிறது பலாலி. வரைபடத்தில் கோடு போட்டால் கல்பாக்கம் பக்கம் கடலுக்குள் போகும். புதுச்சேரி, காரைக்கால், கோடியக்கரை எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கிவிடும். மதுரை விமான நிலையம்கூட நமக்கு இதைவிடத் தூரம், 415 கி.மீ. வரும்.

நேரம் ஏன் கூடுகிறது என்றால், இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72, இறக்கையில் விசிறி சுழலும் விமானம். மணிக்கு 500 கி.மீ. வாக்கில்தான் போகும். 2019 அக்டோபரில் பலாலியைப் பன்னாட்டு நிலையமாகத் திறந்தபோது சீர்செய்த ஓடுபாதை சுமார் 1,400 மீட்டர். சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர். பலாலி ஓடுபாதையின் நீளத்துக்குத் தோதானது ஏடிஆர்தான். அப்புறம், டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. இங்கே விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை எல்லாம் சேர்த்தி. வானத்தில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே என்பதால் டிக்கெட்டில் உள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

கொழும்பு என்றால் அதன் விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கே 645 கி.மீ. பறக்க வேண்டும். இறங்கியபின் யாழ்ப்பாணத்துக்குக் காரில் ஏழு மணி நேரமாவது ஆகும். முழங்கால் வலியோடு அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்வதை நினைத்துப் பாருங்கள். பலாலியில் இறங்கினால் சுன்னாகம் பக்கம்தான்.

பயணச்சீட்டுக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் வயதானவர்களுக்குக் கேட்காமலே முன்வரிசை போட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏடிஆரில் அது தப்பு. முன்பக்கக் கதவு சாமான் ஏற்றுவதற்கு. பயணிகள் ஏறுவது வால் பக்கம். முன்வரிசை என்றால் அந்தக் குறுகலான நடைபாதை முழுக்க அம்மா நடக்க வேண்டும். கடைசி வரிசைகளில் இடம் கேளுங்கள். விசிறிச் சத்தமும் அங்கே குறைவு. ஏறும் படிகள் சிலவே, ஆனாலும் செங்குத்து. சக்கர நாற்காலி தேவை என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் காத்திருக்க நேரும். மேல்தட்டு சிறியது, சக்கரம் வைத்த பெட்டி அடங்காது. மருந்துகளைத் தோள்பையில் வையுங்கள்.

வீடு பக்கத்தில்தானே என்று தாமதிக்க வேண்டாம். குடியேற்றச் சோதனை உண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

அம்மாவுக்கு இந்த வான்வழி புதிதாக இருக்காது. இலங்கையின் பழைய விமான நிறுவனமான ஏர் சிலோன் 1947 கடைசியில் பறக்கத் தொடங்கியதே கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மதராஸுக்குத்தான். கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்தில் அவர் வீட்டில் யாராவது அதில் வந்திருக்கக்கூடும். நல்லூர்த் திருவிழா 25 நாள். தேருக்கு முந்தைய வாரம் இடம் கிடைப்பது கடினம், இப்போதே எடுத்துவிடுங்கள்.