தேமல் இலையை அரைத்து ஊற்றினால் நூற்புழு சாகுமா?

டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் தக்காளியும் மிளகாயும் போடும் ஒருவர் கேட்கிறார்: "செடியைப் பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. தாவர வைரஸுக்குள் மருந்தை அடைத்து மண்ணுக்குள் அனுப்புகிறார்களாமே, அது இங்கே கிடைக்குமா? இல்லையென்றால் வைரஸ் தாக்கித் தேமல் (திட்டுத்திட்டாக வெளிறிய நிறம்) விழுந்த இலையை அரைத்து மருந்தோடு கலந்து ஊற்றட்டுமா?"

ஐயா, அரைத்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

அந்த முடிச்சு, மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவின் வேலைதான். அபாமெக்டின் என்ற மருந்து அதைக் கொல்லும், ஆனால் ஊற்றினால் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும், புழுவோ கீழே வேரடியில் உட்கார்ந்திருக்கும். மருந்தைக் கீழே சுமந்து போகத்தான் வைரஸ். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சிவப்பு குளோவர் என்ற தீவனச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸை எடுத்தார்கள், சுமார் 36 நானோமீட்டர் உருண்டை. அதன் புரத ஓட்டுக்குக் கால்சியமும் மெக்னீசியமும்தான் தாழ்ப்பாள். அவற்றை உருவினால் ஓட்டில் துளைகள் திறந்து மருந்து உள்ளே போகும், திரும்பச் சேர்த்தால் மூடிக்கொள்ளும். இப்படி அடைத்த அபாமெக்டின் மண்ணில் நன்றாக நகர்ந்தது, பசுமைக்குடிலில் தக்காளி நாற்றுகளையும் காப்பாற்றியது.

உங்கள் அம்மிக்கு இந்தத் தாழ்ப்பாள் வேலை தெரியாதே! மருந்து ஒரு பக்கம், வைரஸ் ஒரு பக்கமாகத்தான் கிடக்கும். அதுவும் உயிரோடிருக்கும் வைரஸ். புகையிலைத் தேமல் வைரஸுக்குப் பூச்சிகூட வேண்டாம், கை, கத்தி, கட்டும் கயிறு, ஏன், சிகரெட் பிடித்த விரல்கூடப் போதும், தக்காளியிலும் மிளகாயிலும் ஏறிவிடும். ஆய்வுக்கூடங்களில் வைரஸைப் புறஊதாக் கதிரில் செயலிழக்கச் செய்வதுண்டு, இல்லையென்றால் மரபுப்பொருள் இல்லாத வெற்று ஓட்டை எடுப்பார்கள்.

வைரஸ் பட்ட காயைப் பிள்ளைகள் தின்றால் என்ன ஆகும் என்ற பயம் வேண்டாம். தாவர வைரஸ் நம் உடம்பில் பெருகாது. மிளகாயில் வரும் ஒரு வைரஸ் சாஸிலிருந்து வயிற்றுக்குப் போய் அப்படியே வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார்கள் (நம் ஊறுகாயும் தப்பியிருக்காது).

சரி, வாங்க முடியுமா? நூற்புழுவுக்கான இந்த வைரஸ் மருந்து இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. யாராவது விற்க வந்தால் லேபிளைப் பாருங்கள்: தென்னாப்பிரிக்காவில், உரம், பூச்சிமருந்து போன்றவற்றுக்கான 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவு எண் இருக்க வேண்டும்.

இப்போதைக்கு முடிச்சு வேர்களை மண்ணில் விடாமல் தோண்டி எடுத்துவிடுங்கள். அப்புறம், தக்காளி விதைப் பாக்கெட்டில் V, F, N என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும், அதில் 'N' இருந்தால் நூற்புழுவைத் தாங்கும் ரகம். ஆனால் மண்ணின் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் அந்தத் தாங்கும் சக்தி தளர்ந்துவிடும், அதனால் ஜனவரி வெயிலில் அதை நம்பாமல் குளிர்கால நடவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.