பூனை அலமாரியில் ஏறினால் அலாரம் அடிப்பது ஏன்?

திருட்டு அலாரத்தின் அசைவுச் சென்சாரை மாற்ற வேண்டாம். அதன் எதிரே நிற்கும் புத்தக அலமாரியை நகர்த்துங்கள்.

பெட்டியில் '18 கிலோ வரை செல்லப்பிராணிக்கு அடிக்காது' என்று போட்டிருந்தும் உங்கள் 4 கிலோ பூனைக்கு ராத்திரியில் அலறுகிறது என்கிறீர்கள். அந்தச் சென்சார் எடை போட்டுப் பார்ப்பதில்லை, நகரும் உடல் சூட்டைத்தான் பார்க்கிறது. தரையில் நடக்கும் சின்ன உருவத்தை விட்டுவிடும். அதே பூனை அலமாரி உச்சிக்கு ஏறிக் கிட்டே வந்தால், சென்சாருக்கு அது ஆள் மாதிரிதான்.

சோதிக்க, அலாரம் பேனலில் 'வாக் டெஸ்ட்' (சென்சார் அசைவைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை முறை) இருந்தால் போடுங்கள். பூனையை முதலில் தரையில் விடுங்கள், அப்புறம் அலமாரி மேல். சென்சார் விளக்கு எப்போது மின்னுகிறது என்று கவனியுங்கள். (பூனை ஒத்துழைக்குமா என்பது வேறு கதை. கொஞ்சம் தீனி வைத்துக்கொள்ளுங்கள்.) தரையிலேயே மின்னினால் பொருத்திய உயரத்தையும் சாய்வையும் கையேட்டோடு ஒப்பிடுங்கள், பெரும்பாலும் 2 மீட்டருக்குச் சற்று மேலே, சாய்க்காமல் இருக்க வேண்டும்.

உணர்திறனை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள், தவழ்ந்து வரும் திருடனும் தப்பிவிடலாம். அலமாரியை நகர்த்த வழியில்லை என்றால் அந்த அறைச் சென்சாரை அணைத்துவிட்டு, கதவு ஜன்னல்களில், திறந்தால் மட்டும் அடிக்கும் காந்தச் சென்சார் போடுங்கள்.