டாப் பார் தேன்பெட்டியில் அடைகள் கோணலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, என்ன செய்வது?

முதலில் ஒரு ஸ்கேல் எடுத்து, பெட்டியின் மேலே அடை தொங்கும் கட்டையின் அகலத்தை அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டர் இருந்தால், உள்ளே இருப்பது நம்மூர் அடுக்குத் தேனீ என்றால், கோளாறு அங்கேதான். நான் அதே தப்பைச் செய்து ஒரு பெட்டியைத் தொலைத்தவன்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், பின்னால் ரப்பர் தோட்டம். இங்கே எல்லாரும் வைத்திருப்பது சட்டம் போட்ட பெட்டிதான். எனக்கு மட்டும் கென்யா டாப் பார் பெட்டி மேல் ஆசை. 1970-களில் கனடா நாட்டு உதவியோடு கென்யாவில் உருவான வடிவம் அது. மாட்டுக்குத் தண்ணி காட்டும் தொட்டி மாதிரி கீழே குறுகியிருக்கும். உள்ளே சட்டம் கிடையாது, மேலே வரிசையாகக் கட்டைகள் மட்டும். தேனீ அதிலிருந்து அடையைத் தொங்கவிட்டுக் கட்டும்.

ஆசாரியிடம் நான் கொடுத்த அளவு ஐரோப்பியத் தேனீக்கானது, 35 மி.மீ. நம் தேனீ சின்னது. ஒரு அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு ஏறத்தாழ 30 மி.மீதான் விடும். கட்டைக்கு 5 மி.மீ பிசகு. முதல் அடை சரியாக நடுவில் தொங்கும். நாலாவதுக்கு வரும்போது 15 மி.மீ தள்ளி, இரண்டு கட்டை சேரும் இடுக்கில் வந்து நிற்கும். அதற்கப்புறம் எந்தக் கட்டையைத் தூக்கினாலும் பக்கத்து அடையும் கிழிந்துகொண்டு வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. மார்ச் மாதம், மத்தியானம் இரண்டு மணி, ரப்பர் தேன் வரவு நன்றாக இருந்த சமயம். ஐந்தாவது கட்டையைத் தூக்கினேன். அடை ஒரு நொடி தொங்கியது, அப்புறம் ஈர அட்டை மாதிரி மடிந்து அப்படியே அடியில் விழுந்தது. புதிதாகக் கட்டிய வெள்ளை அடை வெயிலில் அவ்வளவு மெத்தென்று இருக்கும். தேனில் ஊறிப்போன தேனீக்களை ஒரு மணி நேரம் பொறுக்கினேன். நாலாம் நாள் பெட்டி காலி. அடுக்குத் தேனீக்குப் பொறுமை கம்மி, தொந்தரவு அதிகமானால் மொத்தக் குடும்பமும் கிளம்பிவிடும்.

சரி, இப்போது உங்கள் பெட்டி. காலையில் வெயில் ஏறும் முன் திறங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நேராக்கப் பார்க்க வேண்டாம், ஒரு தடவைக்கு ஓர் அடை போதும். சுவரில் ஒட்டியிருந்தால் நீளமான கத்தியைக் கீழே விட்டு மேல்நோக்கி அறுங்கள். மேலிருந்து கீழே அழுத்தி அறுத்தால் அடை கட்டையை விட்டுப் பிய்ந்துவிடும். கோணல் அடையில் புழு, அதாவது தேனீக் குஞ்சு, இருந்தால் எறிய வேண்டாம். அறுத்து, மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி வேறு கட்டையில் வைத்து வாழைநாரால் கட்டுங்கள். காட்டிலிருந்து கூட்டைப் பெட்டிக்கு மாற்றுகிறவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். சில நாளில் தேனீக்களே மெழுகால் ஒட்டவைத்துவிட்டு நாரைக் கடித்துத் துப்பிவிடும்.

கையில் எடுத்த அடையைத் தட்டைப் பிடிப்பது போல் படுக்கையாகச் சாய்க்கவே கூடாது. மறுபக்கம் பார்க்க வேண்டுமானால் கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, கதவைத் திறப்பது போலச் சுழற்றி, அப்புறம் தலைகீழாக்குங்கள். சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், வெறும் கட்டையில் ஒரு அட்டையை ஒட்டி நாலு தடவை பழகிவிடுங்கள்.

இரண்டாவது பெட்டி வைத்தபோது பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்தார். முப்பது பெட்டி வைத்திருப்பவர். அடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ரசமட்டம் வச்சுப் பாத்தியா மக்களே?" என்றார். அடை தூக்குக்குண்டு மாதிரி நேர்கீழாக இறங்கும். பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் அடை நேராகத்தான் இருக்கும், சுவர்தான் அதன் மேல் வந்து இடிக்கும். என் ஸ்டாண்டில் ஒரு கால் மழையில் புதைந்திருந்தது.

புதுக் கட்டை போடும் இடம் முக்கியம். தேனீ பெருகும் காலத்தில், நேராக இருக்கும் இரண்டு புழு அடைகளுக்கு நடுவே ஒரு காலிக் கட்டையை வையுங்கள். இரு பக்கமும் அளவு பிடித்தாற்போல இருப்பதால் நடுவில் நேராகத்தான் கட்டும். இரண்டு தேன் அடைக்கு நடுவே வைத்தால், புதிதாகக் கட்டாமல் பழையதையே தடிமனாக்கிவிடும். தேன் அடைகள் எப்படியும் கொஞ்சம் தடிப்பாகத்தான் வரும், அந்தப் பகுதியில் மட்டும் கட்டைகளுக்கு இடையே 5 மி.மீ ரீப்பர் கொடுத்துக்கொள்ளலாம். தேனீ மொய்க்காத காலி அடையை மழைக்காலத்தில் உள்ளே விடாதீர்கள், அந்துப்பூச்சி வந்துவிடும்.

முதல் ஒரு மாதம் வாரம் ஒரு தடவை பாருங்கள். உள்ளங்கை அளவு இருக்கும்போது கோணலை விரலால் மெல்ல அழுத்தியே நேராக்கலாம்.

அகலம் 35தான் என்று தெரிந்தால், அடை இல்லாத கட்டைகளை 30-க்குச் சீவச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சமமாக, இரண்டரை இரண்டரையாக. ஒரு பக்கமே ஐந்தையும் சீவினால் தேனீ கட்டத் தொடங்குவதற்காகக் கட்டையின் அடியில் தேய்த்த மெழுகுக் கோடு நடுவில் நிற்காது. இருபது கட்டை சீவினால் 100 மி.மீ இடம் மிஞ்சும். கூட மூன்று கட்டை செய்து வாங்கிக்கொள்ளுங்கள், மீதி 10 மி.மீக்கு ஒரு ரீப்பர் போதும்.