எங்கே படித்தேன் என்பது மட்டும் ஏன் மறந்துபோகிறது?

கேள்வி: எனக்கு வயது 61. நாள் முழுக்க எதையாவது படித்துக்கொண்டே இருப்பேன். படித்ததை வீட்டில் சொன்னால் என் மகள், "எங்கேப்பா படிச்சீங்க?" என்கிறாள். விழிக்கிறேன். விஷயம் முழுதாக நினைவிருக்கிறது, எங்கே படித்தேன் என்பதுதான் வருவதில்லை. போன வாரம் மனைவி சாப்பிடும் ஒரு மாத்திரை கெடுதல் என்று சொல்லப்போய்ச் சண்டையே வந்துவிட்டது. எனக்கு ஞாபகசக்தி போய்விட்டதா?

பதில்: பயப்படாதீர்கள் ஐயா. வயது ஏறும்போது இது கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இளைஞர்களுக்கும் இதே கதைதான்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹோவ்லாண்ட், வால்டர் வெய்ஸ் இருவரும் மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று 1951-ல் வெளியானது. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலை அன்றைய நிலையில் கட்ட முடியுமா என்று ஒரு கட்டுரை. சிலருக்கு அதை அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் எழுதியதாகக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே கட்டுரை, சோவியத் நாளேடான பிராவ்தாவில் வந்ததாக. படித்த கையோடு கேட்டபோது விஞ்ஞானியின் பெயரைப் பார்த்தவர்களே அதிகம் நம்பினார்கள். இப்படிப் பல தலைப்புகளில் பார்த்தார்கள். 4 வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. நம்பாத இடத்தில் படித்ததும் மெல்ல நம்பிக்கையாகிவிட்டது!

1953-ல் வந்த இன்னோர் ஆய்வில், சொன்னது யார் என்பதைச் சில வாரம் கழித்து நினைவூட்டிப் பார்த்தார்கள். வித்தியாசம் திரும்பி வந்தது. அதாவது சொன்னவர் யார் என்பது அழிந்துபோகவில்லை, விஷயத்திலிருந்து கழன்றுகொண்டுவிட்டது. எனக்கு இது பெரிய ஆறுதல். கழன்றதுதானே, படிக்கும்போதே சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் நம்மில் பலர் படிக்கும்போதே பெயரைப் பார்ப்பதில்லை. பார்க்காதது எப்படி நினைவுக்கு வரும்? தாளில் படித்தபோது ஏட்டின் பெயர், பக்கம், எழுத்தின் அமைப்பு என்று பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தது. போனில் எல்லாம் ஒரே திரையில் ஒரே மாதிரி ஓடுகிறது. அதனால் படித்து முடித்ததும் மேலே போய் எழுதியது யார், எந்தத் தேதி, அவருக்கு இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். அப்புறம் அந்தப் பெயரோடு சேர்த்தே ஒருமுறை மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். "இன்னார் இதில் இப்படி எழுதியிருக்கிறார்" என்று. வீட்டில் பேசும்போதும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "தம்பி அனுப்பினான்" என்பது பதில் ஆகாது. தம்பி தபால்காரர், கடிதம் எழுதியவர் வேறு. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி குறைந்தது 5 கை மாறி வந்தது. எழுதியவர் யாரென்று அனுப்பியவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

மகள் கேட்பதைக் குறுக்கு விசாரணையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொல்வதை அவள் காது கொடுத்துக் கேட்பதால்தான் அந்தக் கேள்வியே வருகிறது. "தெரியலம்மா, தேடிப் பார்த்துச் சொல்றேன்" என்றால் போதும்.

சரி, அந்த மாத்திரை விஷயம். இன்றைக்கே தேடிப் பாருங்கள். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நீங்களாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உங்கள் மனைவியோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்.