டீச்சராகவா, ஊழியக்காரியாகவா?

ஐயா, வணக்கம்.

சென்ற மாதம் என் ஆயா 96 வயதில் காலமானார். சிறுவயதில் பரங்கிப்பேட்டை சேவா மந்திர் விடுதியில் தங்கிப் படித்தவர். பிறகு பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி டீச்சர். மாலையில் பைபிளோடு வீடு வீடாக ஊழியத்துக்குப் போவார். ஓய்வு பெற்ற பிறகும் கால் ஓயும்வரை போனார். அவருக்கு ஒரு சிறிய நினைவு மலர் கொண்டுவர நினைக்கிறேன். சபையார் ஊழியத்தைப் பெரிதாக எழுதச் சொல்கிறார்கள். அவரிடம் படித்தவர்களோ, "டீச்சரம்மான்னு மட்டும் எழுதும்மா, மத்ததெல்லாம் இந்தக் காலத்துல எதுக்கு?" என்கிறார்கள். அவருடைய டைரிகள் 2011இல் வந்த 'தானே' புயலில் ஓடு பறந்து நனைந்து போய்விட்டன. எதை எழுதுவது, எதை விடுவது?

எம்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எம்.,

இரண்டு தரப்பும் உங்கள் ஆயாவில் பாதியைத்தான் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

முந்திரிக் காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி டீச்சர் தோப்புவரை போயிருப்பார். எந்த வீட்டில் பெண்ணைப் படிக்க விடுவதில்லை, எந்த வீட்டில் அப்பன் குடிக்கிறான் என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்திருக்கும். மாலையில் பைபிளோடு போனதும் அதே தெருவுக்குத்தான். டீச்சர் என்பதால் சில கதவுகள் திறந்திருக்கும். பைபிளைப் பார்த்ததும் சில சாத்தியிருக்கும். சாத்தியவர்கள் வீட்டிலும் போய்க் கேளுங்கள். சபை மலர்களில் அவர்கள் வருவதே இல்லை.

சேவா மந்திரை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1909இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மேரி பீட்டர்சன், மிஷன் பள்ளிகளின் மேல்நாட்டுப் போக்கு பிடிக்காமல், இந்த மண்ணுக்கேற்ற ஒரு பெண்கள் பள்ளி வேண்டும் என்று தொடங்கிய இடம் அது. 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. மிஷனரிகள் பள்ளியையும் மருத்துவமனையையும் வைத்து மதம் மாற்றுவதை வெளிப்படையாக எதிர்த்த அதே காந்திதான். ஜெபமும் ராட்டையும் ஒரே வளாகத்தில் இருந்தன. பீட்டர்சன் 1951இல் பரங்கிப்பேட்டையிலேயே இறந்தார். உங்கள் ஆயா அங்கே படித்தபோது அவர் இருந்திருக்கிறார். ஆயா அவரைப் பற்றி வீட்டில் ஏதாவது சொன்னதுண்டா? அத்தைகள், சித்திகளிடம் விசாரியுங்கள். 'இந்தக் காலத்துல எதுக்கு' என்பவர்களுக்கு இந்தப் பள்ளியின் கதையை அப்படியே எழுதிக் கொடுங்கள். வாதம் செய்ய வேண்டாம்.

1740இல் கடலூருக்கு வந்த மிஷனரி கீர்நாந்தர், 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கல்கத்தா போனதுவரை வரலாற்றில் இருக்கிறது. பீட்டர்சனுக்கு காந்தியோடு கடிதப் போக்குவரத்தே இருந்தது. உச்சிவெயிலில் செம்மண் பாதையில் நடந்த தமிழ் டீச்சர்களுக்குத்தான் காகிதம் இல்லை. இருந்ததையும் உங்கள் வீட்டில் புயல் கொண்டுபோய்விட்டது.

ஆனாலும் எல்லாம் போகவில்லை. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளில் அவர் கையெழுத்து இருக்கக்கூடும். பென்ஷன் காகிதங்களைத் தேடுங்கள், எந்த ஊரில் எத்தனை வருஷம் என்பது தெரியவரும். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பாருங்கள். அவரால் எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள் என்பதைப் பெருமையாகவும் எழுத வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். அவரிடம் படித்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயதிருக்கும். 'டீச்சர் நல்லவங்களா?' என்று கேட்டால் 'ஆமாம்' என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். எதற்கு அடித்தார், யாருக்கு ஸ்லேட்டு வாங்கிக் கொடுத்தார், எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்தார் என்று கேளுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. பகலெல்லாம் பள்ளி, மாலையெல்லாம் ஊழியம் என்றால் வீட்டில் அடுப்பு மூட்டியது யார்? தாத்தாவா, உங்கள் பெரியம்மாவா? அம்மா வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு வருத்தம் இருந்திருந்தால் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 'அன்பே உருவானவர்' என்று எழுதிவிட்டால் இதற்கெல்லாம் இடமிருக்காது.

போதகர்களின் வாழ்த்துச் செய்திகளையும் படங்களையும் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. என்னிடம் முன்னுரை கேட்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவரிடம் அ, ஆ படித்த யாராவது எழுதட்டும், பிழையோடு இருந்தாலும் சரி. அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.